பதினேழாவது காது

முதல் கல் என் த்ரீவீலின் முன்கண்ணாடியில் விழுந்தது. இரண்டாவது என் நெற்றியில். மூன்றாவதை எறிந்தவனுக்குக் குறி பார்க்கத் தெரியவில்லை. அது அவனுடைய கூட்டாளியின் முழங்காலைப் பதம் பார்த்தது. அல்ஹம்துலில்லாஹ், ஒரு கல்லாவது உருப்படியான வேலை செய்தது.

"நிப்பாட்டாதேயும் அகீல்! நேரே விடும்!" என்று பின்னாலிருந்து கத்தினார் சத்தியபாமா மிஸ்.

"நேரே ஆள் ஈக்குது மிஸ்!"

"ஆள் விலகும். விடும்!"

விட்டேன். விலகினார்கள். விலகும்போது ஒருவன் கையிலிருந்த பொல்லால் கூரைத்துணியைக் கிழித்துவிட்டே விலகினான். மழை எங்கள் இருவருடைய தலையிலும் கொட்டியது. பொலிஸ்காரர்கள் இரும்புக் கேட்டைத் திறந்து எங்களை உள்ளே இழுத்து மறுபடி மூடினார்கள்.

புசல்லாவை பிரதான வீதியில் பஸ் ஓடவில்லை. கடைகள் எல்லாம் பலகை போட்டுவிட்டன. வீதியில் நின்றவர்கள் முழுக்கக் கிருஷ்ணராஜ் ஐயாவின் ஆட்கள். ஐயா முன்னாள் மாகாண சபை உறுப்பினர். இரண்டு மாடி உயரத்துக்கு அவருடைய முகம் அச்சடித்த பதாகை ஒன்று சந்தியில் தொங்கியது. அதற்குக் கீழே நின்று அவர்கள் ஒரே ஒரு ஆளைக் கேட்டார்கள். "வெளிய விடு! அவன வெளிய விடு!"

அவர்கள் கேட்ட ஆள் ஹுஸைன். என் தங்கச்சி நஸ்லியாவின் கணவன். புசல்லாவையில் படம் அச்சடித்து ஃபிரேம் போட்டுக் கொடுக்கும் கடை வைத்திருக்கிறவன்.

நேற்றுப் பின்னேரம் ஐயாவின் அலுவலகத்தில், அவருடைய செயலாளர் பொன்னையாவை யாரோ இரும்புக் கம்பியால் அடித்தே கொன்றுவிட்டார்கள். சுவரில் மாட்டியிருந்த தலைவர்மாரின் படங்களையும் உடைத்துப் போட்டிருந்தார்கள். ஐயாவின் ஆட்கள் சொன்னபடி, கடைசியாக அந்தப் படியால் இறங்கி வந்தவன் ஹுஸைன். கையில் இரத்தம். இது போதாதென்று, போன கிழமை தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்து, "ஐயாட மூஞ்சிய இன்னும் பெருசாக்கணும்னா சுவரப் பெருசாக்கணும்" என்று இவன் பகிடி விட்டிருக்கிறான். அதற்கு ஐயாவின் ஆட்களிடம் ஓர் அறையும் வாங்கியிருக்கிறான். கோபம் இருந்தது, சந்தர்ப்பம் இருந்தது, இரத்தம் இருந்தது. வேறென்ன வேண்டும்?

நஸ்லியா பொலிஸ் நிலைய வாங்கில் உட்கார்ந்திருந்தாள். என்னைக் கண்டதும் எழும்பி வந்து என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். அண்ணனை எங்களில் 'நானா' என்றுதான் கூப்பிடுவார்கள். "நானா, அவர உசிரோட தாங்க. வேற ஒண்டும் கேக்க மாட்டேன்."

இவளுக்கு நானே பார்த்துக் கட்டிவைத்த மாப்பிள்ளை அவன்.

சத்தியபாமா மிஸ்ஸைப் பற்றி ஒரு வார்த்தை. யாழ்ப்பாணத்தில் பிறந்து, கண்டி நீதிமன்றத்தில் காலமெல்லாம் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். மூன்று மொழியிலும் மனிதர் சொல்லும் பொய்யைக் கேட்டுக் கேட்டு, ஓய்வு பெற்றதும் கட்டுகஸ்தோட்டையில் துப்பறியும் அலுவலகம் திறந்தார். நான் அவருடைய உதவியாளன், சாரதி, தேத்தண்ணி போடுகிறவன், அடி வாங்குகிறவன். கடைசி வேலைதான் எனக்கு அதிகம்.

நிலையப் பொறுப்பதிகாரி ஓ.ஐ.சி. மாத்தயா மிஸ்ஸை நீதிமன்றத்தில் கண்டு பழகியவர். சிங்களத்தில் சுருக்கமாகச் சொன்னார். மழை விட்டதும் ஹுஸைனைக் கம்பளை நீதிமன்றத்துக்குக் கொண்டு போயாக வேண்டும். இருபத்து நான்கு மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் நிறுத்த வேண்டும் என்பது சட்டம். ஆனால் இந்தக் கூட்டத்துக்கு நடுவால் அவனை உயிரோடு கொண்டு போய்ச் சேர்ப்பேன் என்று தன்னால் சத்தியம் செய்ய முடியாது. மேலதிகப் படை வருகிறது, எப்போது வரும் என்று தெரியாது.

"மழை விடும் வரைக்கும் எண்டால் போதும்" என்றார் மிஸ்.

வானத்தைப் பார்த்தேன். அது எங்களுக்குச் சாதகமாக இல்லை. தூறல் ஏற்கனவே மெலிந்துகொண்டிருந்தது.

ஹுஸைன் கூண்டுக்குள் சுவரோடு சாய்ந்திருந்தான். பொலிஸ் கையில் கிடைக்கும் முன் ஐயாவின் ஆட்களின் கையில் கிடைத்திருக்கிறான். ஒரு கண் மூடிவிட்டது. வலது கை விரல்கள் வாழைப்பழச் சீப்பு மாதிரி வீங்கியிருந்தன.

"நான் செய்யல்ல மச்சான்."

"தெரியும். ஒரு ஆணி அடிக்கவே உனக்கு ரெண்டு நாள் போகும். ஆள அடிச்சுக் கொல்ல எங்க நேரம்?"

அவன் சிரிக்கப் பார்த்தான். உதடு வெடித்து இரத்தம் வந்தது.

"நடந்ததைச் சொல்லும் தம்பி" என்றார் மிஸ்.

"பொன்னையா அண்ணன் போன கிழம கடைக்கு வந்தார் மிஸ். கொழும்புல இருந்து கட்சிக்காரங்க கோல் எடுத்தீக்காங்க. அடுத்த தேர்தல்ல ஐயாவுக்கு இடம் இல்லையாம், பொன்னையா அண்ணனத்தான் போடப் போறாங்களாம். 'ஹுஸைன், எனக்கும் ஒரு படம் அடிச்சுத் தா'ன்னு கேட்டார். இருபது வருஷமா மத்தவங்கட படத்தச் சுமந்துக்கிட்டு வந்த மனுஷன் மிஸ், வெக்கப்பட்டுக்கிட்டே கேட்டார். காதுல எப்பவும் போல பென்சில் செருகி ஈந்திச்சு. எடுங்கன்னேன். 'பென்சில் இல்லாட்டி என்ன ஊர்ல எவனுக்கும் அடையாளம் தெரியாதுடா'ன்னு பென்சிலோடயே நின்னார். நேத்து பிரிண்ட் எடுத்து, கொண்டு போய் மாட்டிட்டு வந்தேன். கண்ணாடி கைய வெட்டிப் போட்டுச்சு. நான் வரக்குள்ள அவர் உசிரோடதான் ஈந்தார்."

"எங்க மாட்டினீர்?"

"சுவர்ல."

"சுவரில எங்க?"

ஹுஸைன் தரையைப் பார்த்தான். "சுவர்லதான் மிஸ்" என்றான் மறுபடியும்.

ஓ.ஐ.சி. தலையை ஆட்டினார். "நானும் தேடினேன், மிஸ். அங்கே எட்டு ஆணி, எட்டுப் படம். எல்லாம் பெரிய தலைவர்மார். பொன்னையாவின் படம் இல்லை. புதிதாக ஆணி அடித்த ஓட்டை கூட இல்லை. இவன் சொல்வது பொய்."

மிஸ் ஹுஸைனின் மூடாத கண்ணை ஒரு தரம் பார்த்தார். பிறகு குடையை எடுத்தார். "வாரும் அகீல். அந்தச் சுவரைப் பார்ப்பம்."

பின்பக்கத் தேயிலைச் சரிவால் இறங்கி, ஒரு கான்ஸ்டபிளோடு அலுவலகத்துக்குப் போனோம். கீழே சாமான் கடை, மேலே அலுவலகம். படி முடிகிற இடத்தில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தான் லெட்சுமணன், ஐயாவின் மெய்ப்பாதுகாவலன். அவன் எழும்பி நின்றபோது படிக்கட்டு இருட்டிவிட்டது.

"யாரும் உள்ள போகக் கூடாதுங்க. ஐயா சொல்லிருக்காரு."

"ஐயா நீதவானோ?" என்று கேட்டுக்கொண்டே மிஸ் அவனுடைய கக்கத்துக்குக் கீழால் நுழைந்து போய்விட்டார். அவர் உயரத்துக்கு அது சுலபம். நான் கான்ஸ்டபிளின் பின்னால் ஒட்டிக்கொண்டு போனேன். லெட்சுமணன் படியிலேயே நின்று ஐயாவுக்கு ஃபோன் எடுத்தான்.

உடலை ஏற்கனவே கொண்டு போய்விட்டார்கள். இரத்தம் இருந்தது. மேசையிலிருந்து கதவு வரைக்கும் இழுபட்டுக் காய்ந்திருந்தது. சுவரிலும் தெறித்திருந்தது. பொன்னையா ஓடப் பார்த்திருக்கிறார். கதவு வரைக்கும் போய், பிடியையும் பிடித்திருக்கிறார். அந்தப் பிடியில் விரல் அடையாளத்தைப் பார்த்தபோது எனக்குப் பகிடி எல்லாம் அடங்கிப் போனது.

தரையெல்லாம் கண்ணாடி. கட்சி தொடங்கியவர், கொழும்புத் தலைவர், அவருக்குக் கீழ் உள்ளவர், தொழிற்சங்கக்காரர் என்று எல்லாரும் மூக்கு உடைந்து, வாய் கிழிந்து கிடந்தார்கள். நடுவிலிருந்த பெரிய ஆணிதான் கிருஷ்ணராஜ் ஐயாவுடையது. கட்சி தொடங்கியவரை விட அரை முழம் பெரிதாக மாட்டியிருந்தாராம்.

"உந்தக் கொழும்புத் தலைவர் போன வருஷந்தானே வந்தவர்? அவருக்கு முதல் இருந்தவரின்ர படம் எங்க போச்சு?" என்று கேட்டார் மிஸ்.

நான் தலைவரைத் தூக்கி, கிழிந்த கடதாசியை விலக்கினேன். உள்ளிருந்து இன்னொரு முகம் சிரித்தது. "அடியில ஈக்கார் மிஸ். எல்லாக் கட்சிக் கந்தோர்லயும் இதுதான் வழக்கம். ஆள் மாறுவார், ஃபிரேம் மாறாது. பின்பலகையக் கழட்டி, பழையவருக்கு மேல புதியவர வெச்சு மூடிடுவாங்க. பதவி போனாலும் முட்டுக் குடுக்குற வேல அவருக்கு ஈக்குது."

மிஸ் சிரிக்கவில்லை. "அப்ப புது ஆள் வந்தால் புது ஆணி தேவையில்லை."

"தேவல்ல."

"ம்ம்" என்றார். அந்த 'ம்ம்' எனக்குத் தெரியும். அதற்குப் பிறகு எனக்கு எங்காவது அடி விழும்.

ஐயாவின் படம் மட்டும் ஒரு மூலையில் குப்புறக் கிடந்தது. மிஸ் அதைக் குடை நுனியால் புரட்டினார். ஐயா வெள்ளைச் சட்டையும் திருநீறுமாகப் பளிச்சென்று இருந்தார். கடதாசியில் ஒரு கீறல் இல்லை. ஆனால் பின்பலகை இரண்டாகப் பிளந்திருந்தது. கம்பியை விட்டு நெம்பிய தடம் சட்டத்தில் ஆழமாகப் பதிந்திருந்தது. முன்கண்ணாடி தூள் தூளாக அருகில் கொட்டிக் கிடந்தது.

"பாரும் அகீல். மற்ற ஏழு பேருக்கும் மூஞ்சையில அடி. ஐயாவுக்கு மட்டும் முதுகில. எதிரி எண்டால் முதல்ல ஐயாவின்ர மூஞ்சையில எல்லோ போட்டிருப்பான்? இதைச் செய்தவன் எதிரி இல்லை. ஐயாவின்ர முகத்தில கை வைக்க மனம் வராத ஒராள்."

அப்போதுதான் வாசலுக்கு வந்த லெட்சுமணனின் காதில் இந்தக் கடைசி வார்த்தைகள் மட்டும் விழுந்துவிட்டன.

அடுத்து நடந்ததை நான் முழுதாகப் பார்க்கவில்லை, ஏனென்றால் நான் பறந்துகொண்டிருந்தேன். அவன் என் சட்டைக் கழுத்தைப் பிடித்துத் தூக்கி எறிந்தான். அலுமாரியில் மோதி, அலுமாரியின் கதவு என்மேல் விழ, கண்ணாடித் தூளில் புரண்டேன். கான்ஸ்டபிள் தடியை எடுத்தார். லெட்சுமணன் அந்தத் தடியைப் பறித்து அவருடைய தோளிலேயே போட்டான். எலும்பு முறிகிற சத்தம் எனக்குக் கேட்டது. பிறகு அவன் மிஸ்ஸின் பக்கம் திரும்பினான்.

மிஸ் குடையை விரித்தார். அவ்வளவுதான். அந்தக் கறுப்புக் குடை 'டப்'பென்று முகத்துக்கு நேரே விரிந்ததும் அவன் ஓர் எட்டுப் பின்வாங்கினான். அந்த ஓர் எட்டில் நான் அவனுடைய காலைக் கட்டிப்பிடித்து இழுத்தேன். மலை சாய்ந்தது. அவனுடைய தலை மேசை விளிம்பில் அடிபட்டது. கான்ஸ்டபிள் வலியில் பல்லைக் கடித்துக்கொண்டே ஒற்றைக் கையால் விலங்கை மாட்டினார்.

லெட்சுமணன் தரையில் உட்கார்ந்தான். நெற்றியிலிருந்து இரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. திடீரென்று, "நாந்தாங்க" என்றான். "பொன்னையாவ நாந்தான் அடிச்சேன். அந்த ஃபிரேம் கடக்காரனுக்கு ஒண்ணும் தெரியாது. என்னயக் கொண்டு போங்க."

நான் குதித்தேன். என் தங்கச்சியின் தாலி, இல்லை, எங்களில் கருகமணி, அது தப்பிவிட்டது! யன்னலால் எட்டிக் கத்தப் போனேன்.

"பொறும்!" என்றார் மிஸ். பிறகு லெட்சுமணன் முன்னால் குந்தினார். "தம்பி, ஐயாவின்ர படத்தை எப்பிடி உடைச்சனீர்?"

"கம்பியாலங்க."

"எந்தப் பக்கத்தால?"

"என்ன பக்கங்க? மூஞ்சிலயேதான் ஓங்கிப் போட்டேன். மத்ததுங்க மாதிரி."

மிஸ் ஐயாவின் படத்தை அவன் முன்னால் பிடித்தார். வெள்ளைச் சட்டை, திருநீறு, முழு முகம். லெட்சுமணன் அதைப் பார்த்தான்.

"கொன்றவனுக்கு இது தெரிஞ்சிருக்கும். உமக்குத் தெரியேல்லை. ஆரைக் காப்பாத்துறீர் எண்டு எனக்கு விளங்குது. ஆனா அவரே தான் செய்ததெண்டு காட்ட எனக்கு ஒரு சாமான் வேணும்."

எனக்கு அப்போதுதான் முழங்கைக்குப் பக்கத்தில் சுள்ளென்றது. புரண்டபோது ஒரு கண்ணாடித் துண்டு ஏறியிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு பிடுங்கினேன். சட்டையில் துடைத்தேன். துடைத்தும் போகாமல் அதில் ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது.

"மிஸ்" என்றேன். "எனக்கு ஒரு காது கிடைச்சீக்குது."

"என்ன?"

"காது மிஸ். கண்ணாடியில ஒட்டின படத்துக் காது."

மிஸ் பறித்துப் பார்த்தார். கண்ணாடியின் உட்பக்கத்தில் அச்சுக் கடதாசியின் மேல்தோல் உரிந்து அப்படியே ஒட்டியிருந்தது. ஒரு காது. கொஞ்சம் நரைத்த முடி.

"இது எப்பிடி ஒட்டும்?"

"இந்த ஊர்க் குளிருக்கு, பிரிண்ட காய விடாம ஃபிரேம் போட்டா ஒட்டிடும் மிஸ். கழட்டக்குள்ள தோல் உரிஞ்சு வரும். என்ட கலியாணப் படத்துல என்ட மூக்கு இப்பவும் கண்ணாடியிலதான் ஈக்குது. அதுவும் மச்சான்ட கைவண்ணம்தான்."

"அப்ப இது புதுப் படம். இந்தக் கண்ணாடி ஆரின்ர?"

நான் துண்டுகளைப் பொருத்திப் பார்த்தேன். ஐயாவின் ஃபிரேம் கண்ணாடிதான். அளவு பெரிது, தடிப்பும் கூட.

"ஐயாவுக்கு ரெண்டு காதும் இருக்குதோ?"

"பத்திரமா ஈக்குது."

"மற்றவைக்கு?"

நான் முழங்காலில் தவழ்ந்து நாட்டின் தலைவர்மாருடைய காதுகளை எண்ணினேன். இப்படி ஒரு வேலை எனக்கு வரும் என்று என் உம்மா கனவிலும் நினைத்திருக்க மாட்டார். மூக்கு இல்லாதவர் இருந்தார், வாய் இல்லாதவர் இருந்தார். காது எல்லாருக்கும் இருந்தது. "அடியில ஈக்குறவங்கள விட்டுட்டு, எட்டுப் பேருக்குப் பதினாறு காது மிஸ். இது பதினேழாவது."

"வெளிச்சத்தில பிடியும்."

பிடித்தேன். காதுக்கும் முடிக்கும் நடுவில் மஞ்சள் நிறத்தில் ஒரு கோடு தெரிந்தது. அதன் முனை சீவிக் கூராக இருந்தது.

"பென்சில்" என்றேன். "பொன்னையா."

மழை நின்றுவிட்டது. யன்னலுக்கு வெளியே கூட்டம் திடீரென்று பெரிதாகக் கத்தியது. பொலிஸ் கேட்டைத் திறக்கிற சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். ஜீப் வெளியே வந்துகொண்டிருந்தது. அதன் பின்பக்கக் கம்பிக்குள் ஹுஸைன். ஒருவன் ஏற்கனவே ஜீப்பின் மேல் ஏறிவிட்டான். இன்னொருவன் கம்பிக்குள்ளால் பொல்லை விட்டுக் குத்திக்கொண்டிருந்தான். நஸ்லியா பின்னால் ஓடி வந்தாள். எவனோ அவளைத் தள்ளிவிட்டான். அவள் விழுந்ததைப் பார்த்தேன். எழும்பியதைப் பார்க்கவில்லை.

நான் படியை நோக்கி ஓடினேன். படியில் கிருஷ்ணராஜ் ஐயா ஏறி வந்துகொண்டிருந்தார். மணிக்கட்டில் கட்டுக் கட்டாக மந்திரித்த நூல். பின்னால் ஓ.ஐ.சி. மாத்தயா. அடிபட்ட கான்ஸ்டபிளின் அழைப்புக்கு அவரும், லெட்சுமணனின் ஃபோனுக்கு ஐயாவும் வந்திருந்தார்கள்.

"அகீல், எங்கயும் போகாதேயும். யன்னலை நல்லாத் திறந்துவிடும். மூச்சு முட்டுது" என்றார் மிஸ்.

"மிஸ், கீழ மச்சானக் கொல்றாங்க!"

"அதுதான் திறக்கச் சொல்லுறன்!"

இரண்டு கதவையும் அடித்துத் திறந்தேன். ஜீப் கூட்டத்தில் சிக்கி, சரியாக எங்களுக்குக் கீழேயே நின்றுவிட்டது.

"என்னம்மா நடக்குது இங்க?" என்றார் ஐயா. மேடைக் குரல். "என் ஆபீஸ்ல, என் ஆளுக்கு விலங்கு போட்டு..."

"அவர் உங்களுக்காகப் பழியை ஏத்துக்கொண்டவர் ஐயா. நல்ல மனுசன். நீங்கள் அவருக்கு எல்லாத்தையும் சரியாச் சொல்லேல்லைப் போல" என்றார் மிஸ். குரலில் மரியாதை ஒழுகியது. ஐயாவின் படத்தை எடுத்து, நடு ஆணிக்கு நேரே சுவரில் சாய்த்து வைத்தார். "கேளுங்கோ. நேற்றுப் பின்னேரம் நீங்கள் உள்ள வந்தனீங்கள். உங்கட ஆணி இருந்தது. உங்கட ஃபிரேம் இருந்தது. உங்கட முகம் இல்லை."

ஐயாவின் கண் அந்த ஆணிக்குப் போனது.

"ஆள் மாறினால் ஃபிரேம் மாறாது. பழையவருக்கு மேல புதியவர். இவ்வளவு நாளும் மற்றவைக்கு நடந்தது, நேற்று உங்களுக்கு நடந்தது. பொன்னையாவை அடிச்சுப்போட்டு, அந்தப் படத்தையும் அடிக்கக் கம்பியைத் தூக்கினீங்கள். ஆனா கை நிண்டுட்டுது. ஏனெண்டால் அந்த முகத்துக்குப் பின்னால உங்கட முகம். தன்ர முகத்தில தானே அடிக்க ஆருக்குக் கை வரும்? திருப்பிப் போட்டு, முதுகை நெம்பி, உங்களைப் பத்திரமா எடுத்துப்போட்டு, பொன்னையாவைப் பிய்ச்சு எடுத்தீங்கள். அவசரத்தில அவரின்ர காது கண்ணாடியோட போட்டுது."

"யாரு காதுல பூ சுத்துற? ஹுஸைன் கொன்னான், அத விட்டுட்டு..."

மிஸ் கண்ணாடித் துண்டை உயர்த்தினார். பிறகு அதை ஐயாவின் படத்தின் மேல் வைத்தார். ஐயாவின் காதுக்கு மேல் பொன்னையாவின் காது. திருநீறுக்குப் பக்கத்தில் பென்சில்.

"இப்பிடித்தானே ஐயா இருந்தது?"

கிருஷ்ணராஜின் முகம் கறுத்தது. நூல் கட்டிய கை படத்தை நோக்கி நீண்டது. "எடு" என்றார். "எடு அத!"

"வடிவாத்தான் இருக்குது. பொன்னையா உங்களை விட லட்சணம்."

"எடுடீ!"

கதிரையை ஒற்றைக் கையால் தூக்கி மிஸ்ஸின் தலைக்குக் குறி வைத்தார். நான் குறுக்கே பாய்ந்தேன். கதிரை என் முதுகில் உடைந்தது. ஓ.ஐ.சி. அவருடைய இடுப்பைப் பிடித்தார். அவரையும் இழுத்துக்கொண்டு மனிதர் யன்னல் வரைக்கும் போய்விட்டார். ஊருக்கே கேட்கும்படி கத்தினார்.

"பையத் தூக்குன பய! என் செருப்ப எடுத்து வச்ச பய! என் ஆணியில, என் ஃபிரேம்ல, என் மூஞ்சிய மறைச்சு அவன் மூஞ்சி! 'வாங்க ஐயா, உக்காருங்க'ன்னு என்னயே கூப்புடுறான்! பென்சிலோட! அடிக்காம? கொஞ்சச் சொல்றியா? அடிச்சேன்! சாகுற வரைக்கும் அடிச்சேன்! அவன் படத்தக் கிழிச்சு அடுப்புல போட்டேன்!"

கீழே சத்தம் நின்றது. ஜீப்பின் மேல் நின்றவன் அண்ணாந்து பார்த்தபடி நின்றான். பொல்லை வைத்திருந்தவன் அதைக் கம்பிக்குள்ளிருந்து மெதுவாக வெளியே இழுத்தான். பொன்னையாவைத் தெரியாதவர் அந்தக் கூட்டத்தில் ஒருவரும் இல்லை. பிறப்புச் சான்றிதழுக்கும், ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கும், பிள்ளைக்குப் பள்ளிக்கூட இடத்துக்கும் அவர்கள் போய் நின்றது அந்தப் பென்சில் மனிதரிடம்தான். ஐயாவை அவர்கள் படத்தில்தான் கூடுதலாகப் பார்த்திருக்கிறார்கள்.

"டேய்!" என்று யாரோ ஒரு கிழவர் கத்தினார். அந்த ஒரு சத்தம் போதுமாக இருந்தது.

முதல் கல் யன்னல் கதவில் விழுந்தது. அடுத்தது ஐயாவின் வாயில். சந்தியில் தொங்கிய பெரிய பதாகையைக் கயிற்றோடு அறுத்துக் கீழே போட்டு மிதித்தார்கள். பிறகு படியேறினார்கள். எனக்கு இந்த மனிதர்களைக் கண்டால் இப்போதும் ஆத்திரம் வருகிறது. கால் மணித்தியாலத்துக்கு முன் என் மச்சானைக் கொல்ல நின்ற அதே கைகள், அதே பொல்லுகள். முன்னால் வந்தவனுடைய மூக்கில் நான் ஒன்று விட்டேன். அது சட்டத்துக்காக இல்லை, நஸ்லியாவைத் தள்ளியது அவன்தான்.

அறை வாசலில் மிஸ் குடையோடு நின்றார். "இவரைத் தொட்டால் நீங்களும் அவரும் ஒண்டு! தூக்குக் கயிறு கோர்ட்டிலதான் தீர்மானிக்கிறது!" என்று தமிழிலும் சிங்களத்திலும் கத்தினார். ஓர் அடி அவருடைய தோளில் விழுந்தது. அவர் நகரவில்லை. மேலதிகப் படையின் லொறி அப்போதுதான் வளைவில் திரும்பியது. கண்ணீர்ப்புகை அடித்து, பாதிப் பேரைச் சிதறடித்து, கிருஷ்ணராஜைச் சட்டையில்லாமல், பல் இரண்டு இல்லாமல் கீழே இறக்கினார்கள். ஹுஸைனை இறக்கிய அதே ஜீப்பில் அவரை ஏற்றினார்கள்.

நஸ்லியா வீதியோரத்தில் ஹுஸைனைத் தன் மடியில் சாய்த்து வைத்திருந்தாள். அவளுடைய முழங்கை தேய்ந்து இரத்தம் வடிந்தது. அவளுக்கு அது தெரியவில்லை. "உசிரோட ஈக்கார் நானா, உசிரோட ஈக்கார்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். நான் அவளுடைய தலையைத் தடவினேன். அழுதேன். வெட்கப்படவில்லை.

"வா மச்சான். உன்ட விரலுக்கு மருந்து போடணும். நீ விடுதலை" என்றேன்.

ஹுஸைன் எழும்பவில்லை.

"நான் நடந்தத மிஸ்ஸுக்குச் சரியாச் செல்லல்ல, மச்சான்."

"என்னத்த?"

"பொன்னையா அண்ணன் ஐயாட இடத்தக் கேக்கல்ல. சின்னதா ஒண்டு, கதவுக்குப் பக்கத்துல மாட்டினாப் போதும்னுதான் கேட்டார். புதுசா ஃபிரேம் வெட்டணும். ஆணி அடிக்கணும். எனக்குப் பஞ்சி, வேல செய்யச் சோம்பல்." அவனுடைய நல்ல கண்ணிலிருந்து தண்ணீர் ஓடியது. "'என்னத்துக்கு அண்ணே, ஐயாவுக்கு மேல வெச்சு மூடிடுவோம், எல்லா இடத்துலயும் அப்படித்தானே'ன்னு நான்தான் செல்லினேன். ஐயாட சைஸுக்கே பிரிண்ட் எடுத்ததும் நான்தான். அவர் பயந்தார். 'ஐயா ஒண்ணும் நெனைக்க மாட்டாரே?'ன்னு ரெண்டு தரம் கேட்டார். ஒண்டும் நெனைக்க மாட்டார்னு செல்லி, நானே தூக்கி மாட்டினேன்."

மிஸ் தன் அடிபட்ட தோளைப் பிடித்துக்கொண்டு வந்து பக்கத்தில் நின்றார்.

"அவர்ட ஊட்டுக்கு விடு மச்சான். அவர்ட பொஞ்சாதிக்கு நான் உள்ளதச் செல்லணும்" என்றான் ஹுஸைன்.

"இன்டைக்கா?" என்றாள் நஸ்லியா. "இந்தக் கோலத்துலயா?"

"இன்டைக்கே."

கிழிந்த கூரையோடு த்ரீவீலை எடுத்தேன். தோட்டத்துக்குப் போகும் வளைவில் சாவீட்டுக்கான வெள்ளைக் கொடி கட்டிக்கொண்டிருந்தார்கள். ஹுஸைன் அங்கேயே நிறுத்தச் சொன்னான். என் கையைத் தட்டிவிட்டு, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, பொன்னையாவின் லய வீட்டை நோக்கித் தனியாக நடந்தான்.